திரையில் வளரும் பருவம்

நுழையும்முன்

சிறுவர்களுக்காக எடுக்கப்படும் திரைப்படங்கள் உண்டு. சிறுவர்களைப் பற்றி எடுக்கப்படும் திரைப்படங்களும் உண்டு. இரண்டாம் வகைப் படங்கள் பெரும்பாலும் பெரியவர்களை நோக்கியே பேசுகின்றன. வீடு, பள்ளி, கடைத்தெரு, காவல்நிலையம் எனப் பெரியவர்கள் அமைத்துவைத்த உலகில் ஒரு சிறுவன் எவ்வாறு நடத்தப்படுகிறான் என்பதை அவை காட்டுகின்றன. அத்தகைய படங்களுக்கு உலகம் விருதுகள் வழங்குகிறது, அரங்கம் கைதட்டுகிறது. அந்த வரவேற்பு படம் சொன்னதைக் கேட்டதா என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய வினா. ஒரு பிரெஞ்சுப் படத்தையும் இரு தமிழ்ப் படங்களையும் கொண்டு இப்பாடம் அவ்வினாவை ஆராய்கிறது.

பார்க்கப்படும் பிள்ளையும் பார்க்கும் பிள்ளையும்

குழந்தையின் வளர்ச்சியைப் படிப்படியாகப் பாடும் மரபு தமிழுக்குப் புதியதன்று. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி எனப் பருவங்களை வகுத்துப் பாடுகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழ் சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியவற்றோடு நிறைவுறுகிறது. தவழும் குழந்தை சிறுதேர் உருட்டும் அளவுக்கு வளர்வதைப் புலவர் கண்டு மகிழ்கிறார். அங்கே பாடுபவர் பெரியவர், பாடப்படுவது பிள்ளை.

இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய வளர்பருவத் திரைப்படம் இந்த அமைப்பைத் திருப்பிவைத்தது. அதில் பிள்ளை பார்க்கிறது, பெரியவர்கள் பார்க்கப்படுகிறார்கள். சிறுதேர்ப் பருவம் கடந்து, உழைத்துப் பொருளீட்டும் பருவம் எய்தாத இடைப்பட்ட வயதே இவ்வகைப் படங்களின் களம். புறத்தே பார்த்தால் இவற்றில் நிகழ்ச்சிகள் மிகச் சிறியவை: வீட்டுப்பாடம் எழுதாமற் போவது, ஒரு பண்டத்தைத் தின்ன ஆசைப்படுவது, ஒரு பகற்பொழுது தந்தையோடு நடப்பது. ஆயினும் அந்தச் சிறு நிகழ்ச்சியின் முடிவில் சிறுவன் முன்னிருந்தவனாக இல்லை. பிறர் சொன்னதை நம்பியிருந்தவன், தானே கண்டு தானே தீர்மானிப்பவனாகிறான். வளர்தல் என்பதற்கு இப்படங்கள் தரும் பொருள் அதுவே.

பாரிசு நகரத்துச் சிறுவன்

இவ்வகைப் படங்களுள் உலகெங்கும் முன்னோடியாகப் போற்றப்படுவது 1959 ஆம் ஆண்டில் வெளிவந்த பிரெஞ்சுத் திரைப்படமாகும். பிரான்சுவா த்ரூஃபோ இயக்கிய அதன் பெயரைத் தமிழில் ‘நானூறு அடிகள்’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், பள்ளியில் வாங்கும் அடிகளைப் பற்றிய படமோ என்று தோன்றும். பிரெஞ்சு மொழியில் அது ஒரு மரபுத்தொடர். இளமைத் துடிப்பில் கட்டுக்கடங்காமல் திரிவதை அத்தொடர் குறிக்கிறது. ‘ஆடாத ஆட்டம் ஆடுதல்’ என்னும் நம் வழக்கு அதற்கு நெருங்கிய பொருளுடையது.

கதையின் தலைவன் அந்துவான் துவானெல். பாரிசு நகரத்தில் ஒரு நெருக்கடியான வீட்டில் தாயோடும் மாற்றுத்தந்தையோடும் வாழ்பவன். வகுப்பில் பலர் கைமாறிய ஒரு படம் அவன் கையில் இருக்கும்போது ஆசிரியர் பார்த்துவிடுகிறார். தண்டனை அவனுக்கு மட்டும் கிடைக்கிறது. எழுதி வரச் சொன்னதை முடிக்காத அச்சத்தில் மறுநாள் பள்ளிக்குச் செல்லாமல் ஊர் சுற்றுகிறான். வராததற்குக் காரணம் கேட்கப்பட்டபோது, தன் தாய் இறந்துவிட்டதாகப் பொய் சொல்கிறான். பொய் வெளிப்படுகிறது, வகுப்பின் முன்னே மாற்றுத்தந்தையிடம் அறை வாங்குகிறான்.

இவன் கெட்ட பிள்ளை என்று முடிவு கட்டிவிடாதபடி படம் மற்றொரு பக்கத்தையும் காட்டுகிறது. அந்துவான் புகழ்பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக்கின் நூலில் தோய்கிறான். அவருக்காக வீட்டில் மெழுகுவத்தி ஏற்றிவைக்கிறான். படித்தவை மனத்தில் பதிந்திருந்ததால் கட்டுரையில் அச்சொற்களே வந்து விழுகின்றன. ஆசிரியர் அதைத் திருட்டு என்கிறார். ஒரு நூலை நேசித்த முதல் அனுபவமே அவனைப் பள்ளியிலிருந்து விலக்கும் காரணமாகிவிடுகிறது.

பின்னர் மாற்றுத்தந்தையின் அலுவலகத்திலிருந்து ஒரு தட்டச்சுப்பொறியைத் திருடுகிறான். விற்க முடியாமற்போகவே, அதைத் திரும்ப வைக்கச் செல்லும்போது பிடிபடுகிறான். எடுத்தபோது அகப்படாதவன் திருப்பித் தரும்போது அகப்படுகிறான் என்பது கதையின் கூரிய முரண். காவல்நிலையக் கம்பிக்கூண்டு, பிறகு சீர்திருத்தப் பிள்ளைகளுக்கான கண்காணிப்பு இல்லம் என அவன் வாழ்க்கை நகர்கிறது. பந்து விளையாட்டின் இடையே அங்கிருந்து தப்பி ஓடுகிறான். அதுவரை நேரில் கண்டிராத கடலின் கரையை அடைகிறான். அதற்கப்பால் ஓட இடமில்லை. திரும்பி நம்மைப் பார்க்கிறான். அந்தப் பார்வையில் காட்சி அப்படியே உறைந்து படம் முடிகிறது.

இவ்வாறு அசையும் காட்சியைத் திடீரென நிழற்படம்போல் நிறுத்துவது உறைநிலைக் காட்சி எனப்படும். அடுத்து என்ன நிகழும் என்பதற்குப் படம் விடை தரவில்லை. ‘நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்?’ என்று அவன் கேட்பதுபோல் அரங்கம் அமைதியாகிறது.

தள்ளிவைத்த விழா அளித்த விருது

இந்தக் கதையில் இயக்குநரின் சொந்த இளமை கலந்திருந்தது. 1932 ஆம் ஆண்டு பிறந்த த்ரூஃபோவும் பள்ளியைத் தவிர்த்துத் திரையரங்குகளில் பொழுதைக் கழித்தவர். கண்காணிப்பு இல்லத்தில் இருந்தவர். அவருக்கு அன்பு காட்டி வழிநடத்தியவர் ஆந்த்ரே பசான் என்னும் திரைத்திறனாய்வாளர். பசான் நிறுவியவருள் ஒருவராக இருந்த ‘கையே து சினிமா’ என்னும் இதழில் த்ரூஃபோ எழுதத் தொடங்கினார். அன்றைய பிரெஞ்சுத் திரைப்படங்களையும் விழாக்களையும் அவர் எழுத்து கடுமையாகச் சாடியது. அதன் விளைவாக 1958 ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் திறனாய்வாளராகக் கலந்துகொள்ள அவருக்கு இசைவு மறுக்கப்பட்டது. மறு ஆண்டே அதே விழாவில் ‘நானூறு அடிகள்’ திரையிடப்பட்டது. இருபத்தேழு வயது இளைஞரான அவருக்குச் சிறந்த இயக்குநர் விருது வழங்கப்பட்டது. அமெரிக்காவின் ஆஸ்கர் விருதுக்குத் திரைக்கதைப் பிரிவில் அப்படம் முன்மொழியப்பட்டது. ‘புதிய அலை’ எனப் பெயர்பெற்ற பிரெஞ்சுத் திரை இயக்கம் உலகக் கவனம் பெற அது வழிவகுத்தது.

இவ்வரவேற்பைக் காணப் பசான் உயிரோடில்லை. படப்பிடிப்பு தொடங்கிய மறுநாள், 1958 நவம்பர் 11 அன்று, அவர் தம் நாற்பதாம் வயதில் மறைந்தார். படம் அவர் நினைவுக்குப் படையலாக்கப்பட்டது. மற்றொரு பக்கம், படத்தில் தம் குடும்பத்தின் சாயலைக் கண்ட த்ரூஃபோவின் பெற்றோர் மனம் புண்பட்டனர். ஒரே படம் விழா மண்டபத்தில் வெற்றியாகவும் ஒரு வீட்டில் காயமாகவும் அமைந்தது. வரவேற்பு என்பது ஒரே குரலில் ஒலிப்பதன்று என்பதற்கு இது சான்று.

அந்துவானாக நடித்த ழான்-பியர் லியோவுக்கு அப்போது வயது பதினான்கு. அதே பாத்திரத்தின் வளர்ச்சியைக் காட்டும் மேலும் நான்கு படங்களில் 1979 வரை அவரே நடித்தார். ஒரு சிறுவன் இளைஞனாகிக் கணவனாவதை ஒரே முகத்தின் மாற்றத்தில் காணும் அரிய வாய்ப்பு திரை வரலாற்றுக்குக் கிடைத்தது.

சென்னையின் காக்கா முட்டைகள்

பாரிசு நகரத்து அந்துவான் கடலைக் கண்டு அரை நூற்றாண்டுக்குப்பின், சென்னை நகரத்தின் குடிசைப்பகுதியிலிருந்து இரு சிறுவர்கள் தமிழ்த்திரைக்கு வந்தனர். எம். மணிகண்டன் எழுதி, ஒளிப்பதிவு செய்து, இயக்கிய ‘காக்கா முட்டை’ 2014 செப்டம்பரில் கனடாவின் டொராண்டோ பன்னாட்டுத் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. 2015 ஜூன் 5 அன்று தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தது. வெற்றிமாறனும் தனுசும் அதன் தயாரிப்பாளர்கள். திருமண நிழற்படக் கலைஞராகப் பணியாற்றிய மணிகண்டனுக்கு இதுவே முதல் முழுநீளப் படம்.

அண்ணனும் தம்பியுமான இருவரும் மரமேறிக் காக்கையின் முட்டையைக் குடிப்பவர்கள். கோழி முட்டை வாங்க வீட்டில் வசதியில்லை. ஆகவே ஊரார் வைத்த பெயர் பெரிய காக்கா முட்டை, சின்ன காக்கா முட்டை. தந்தை சிறையில் இருக்கிறார். தாய் அவரை மீட்கப் போராடுகிறார். பாட்டி வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். பிள்ளைகள் பள்ளியை விட்டுவிட்டு இருப்புப்பாதை ஓரம் கரி பொறுக்குகிறார்கள். ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை உறுதிசெய்யும் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் நாட்டில் இக்காட்சி வருகிறது. படம் அதைச் சொல்லிக் குறைகூறவில்லை; கரிமூட்டையைச் சுமந்து செல்லும் கைகளை மட்டும் காட்டுகிறது.

அவர்கள் விளையாடிய திடலும் ஏறிய மரமும் இருந்த இடத்தில் பீட்சா கடை ஒன்று எழுகிறது. அரசு வழங்கிய தொலைக்காட்சிப் பெட்டியில் அப்பண்டத்தின் விளம்பரம் வருகிறது. மரம் போயிற்று, மரத்தின் இடத்தில் ஆசை முளைத்தது. ஒரு பீட்சாவின் விலை 299 ரூபாய். பேரன்களின் ஏக்கம் பொறாத பாட்டி, விளம்பரத்தாளில் உள்ள படத்தைப் பார்த்துத் தோசையின்மேல் காய்களைத் தூவித் தாமே ஒரு பீட்சா செய்து தருகிறார். பிள்ளைகள் அதை ஏற்பதில்லை. விளம்பரத்தில் கண்டதுபோல் நூல்நூலாக நீளவில்லை என்பது அவர்கள் குறை.

சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். பணம் இருந்தும் வாயிற்காவலர் விடவில்லை. தடுத்தது பணமன்று, உடை எனத் தெரிந்து புத்தாடையும் தேடிக்கொள்கிறார்கள். புத்தாடையோடு போனபோது பெரியவனுக்குக் கடையின் மேற்பார்வையாளரிடமிருந்து அறை விழுகிறது. உடை மாறியும் முகம் மாறவில்லை என்பதே அங்கே உணர்த்தப்படும் கொடுமை. வீடு திரும்பினால், பாட்டி இறந்து கிடக்கிறார். பீட்சாவுக்குச் சேர்த்த பணம் பாட்டியின் இறுதிச்சடங்குக்குப் பயன்படுகிறது.

படத்துக்குள் நிகழும் வரவேற்பு

அறை விழுந்த காட்சியை ஒரு சிறுவன் கைபேசியில் பதிவுசெய்திருந்தான். அப்பதிவைக் கொண்டு சிலர் பணம் பறிக்க முயல்கிறார்கள். பின்னர் அது தொலைக்காட்சிச் செய்தியாகிறது. ஆளுக்கொரு கருத்துச் சொல்கிறார்கள். வணிகம் கெடாதிருக்க, கடை முதலாளி சிறுவர்களை அழைத்துச் சிவப்புக் கம்பளம் விரித்து வரவேற்கிறார். நேற்று அறைந்த கடை இன்று ஊட்டிவிடுகிறது. இருவரும் பீட்சாவைச் சுவைக்கிறார்கள், பிடிக்கவில்லை. பாட்டி சுட்ட தோசையே இதைவிட நன்றாக இருந்தது என்கிறார்கள்.

இக்காட்சியைப் பீட்சா கெட்டது, தோசை நல்லது என்னும் உணவு அறிவுரையாகச் சுருக்கிவிடக் கூடாது. அதுவரை சிறுவர்களின் ஆசை விளம்பரம் ஊட்டிய ஆசை. அவர்களைத் தடுத்ததும் பிறர். பின்னர் மாலையிட்டு அழைத்ததும் பிறர். ஊர் முழுதும் சூழ்ந்து நின்று பார்க்க, தம் நாவை மட்டும் நம்பி அவர்கள் தீர்ப்புச் சொல்லும் அந்தக் கணத்தில்தான் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பை அவர்கள் சொல்லும்போது அதைக் கேட்டு மகிழப் பாட்டி இல்லை. சிரிப்பின் அடியில் படம் வைத்திருக்கும் துயரம் இது.

அந்துவான் இறுதியில் நம்மைப் பார்த்தான். காக்கா முட்டைகள் இறுதியில் நம் பண்டத்தைச் சுவைத்துப் பார்த்தார்கள். அங்கே வினா எஞ்சியது. இங்கே விடை கிடைத்தது. இரண்டிலும் பெரியவர்களின் உலகமே தேர்வு எழுதியது.

இப்படத்துக்குக் கிடைத்த வரவேற்பும் பெரிது. 62 ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த சிறுவர் படத்துக்கான விருதை அது பெற்றது. நடித்த சிறுவர்கள் இருவருக்கும் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான விருது கிடைத்தது. பெரிய கதைத்தலைவரோ சண்டைக் காட்சிகளோ இல்லாத அப்படத்தைத் தமிழ்நாட்டு மக்கள் திரையரங்குகளில் திரண்டு கண்டனர். ‘சிறுவர் படம் ஓடாது’ என்னும் பழைய எண்ணத்தை அது அசைத்தது.

ஆயினும் படம் தன் பார்வையாளர்க்கு முன்பே ஒரு கண்ணாடியை நீட்டியிருந்தது. சிவப்புக் கம்பளம் விரித்த முதலாளி சிறுவர்களைக் கொண்டாடினார். அவர்கள் வீட்டு நிலை அவர் நினைவில் இல்லை. படத்தைக் கண்டு கண்ணீர் விட்டுக் கைதட்டியவர், அரங்கைவிட்டு வெளியே வந்ததும் அதே வயதுச் சிறுவன் ஒருவனைக் கடைவாயிலிலிருந்து விரட்டினால், அந்தக் கைதட்டலும் ஒரு சிவப்புக் கம்பளமே ஆகும்.

தெரிந்து தெளிவோம்

பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய ‘கூழாங்கல்’ 2021 ஆம் ஆண்டு நெதர்லாந்தின் ராட்டர்டாம் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் புலி விருது பெற்றது. அவ்விருதைப் பெற்ற முதல் தமிழ்ப்படம் அதுவே. 94 ஆவது ஆஸ்கர் விருதுக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்ட படமும் அதுவே. மதுரை மாவட்டத்து வறண்ட நிலத்தில் கதை நிகழ்கிறது. குடிப்பழக்கமுள்ள தந்தை, வகுப்பிலிருந்து மகன் வேலுவை அழைத்துக்கொண்டு, பிறந்த வீட்டுக்குச் சென்றுவிட்ட மனைவியைத் தேடிப் போகிறார். திரும்பும்போது கொளுத்தும் வெயிலில் இருவரும் நடக்கிறார்கள். நாவறட்சி தீரச் சிறுவன் ஒரு கூழாங்கல்லை வாயில் இட்டுக்கொள்கிறான். வீட்டில் அதைத் தான் சேர்த்துவைத்த கற்களோடு சேர்க்கும்போது, இத்தகைய நடை அவனுக்கு முதன்முறையன்று என்பது சொல்லாமலே விளங்குகிறது. தம் உடன்பிறந்தாள் வாழ்வில் நிகழ்ந்ததொன்றே இக்கதைக்கு வித்து என இயக்குநர் கூறியுள்ளார்.

கைதட்டலுக்குப் பிறகு

மூன்று படங்களிலும் பொதுவான சில கூறுகள் உள்ளன. சிறுவர்களின் துயரத்தைப் பாத்திரங்கள் வாயால் விளக்குவதில்லை, பொருள்கள் விளக்குகின்றன. தட்டச்சுப்பொறி, 299 ரூபாய், கூழாங்கல் ஆகியவை கதையைச் சுமக்கின்றன. வில்லன் என்று சுட்டத்தக்க ஒருவர் மூன்றிலும் இல்லை. அந்துவானின் தாயும் களைத்தவரே. வாயிற்காவலரும் கூலிக்கு நிற்பவரே. வேலுவின் தந்தையும் வறட்சியில் வதங்கியவரே. தீங்கு ஒருவரிடம் இல்லாமல் அமைப்பில் இருக்கும்போது, அதைக் காண்பதற்குச் சிறுவனின் கண்ணே தகுந்த கருவியாகிறது. அவன் இன்னும் அதற்குப் பழகிப்போகவில்லை.

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டாரத்தை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதற்கு அருகிலுள்ள ஒகேனக்கல் அருவி தமிழ்த்திரைக்கு நன்கு அறிமுகமானது. பாட்டின் பின்புலமாக நீர் கொட்டும். தலைவனும் தலைவியும் பரிசலில் வருவார்கள். பரிசல் செலுத்துபவர் முகம் காட்சியின் ஓரத்தில் மறைந்துவிடும். அந்தப் பரிசற்காரரின் பிள்ளை படத்தின் நடுவே வந்து நின்றால் அருவி வேறுவகையாகத் தோன்றும். மழைக்காலத்து வெள்ளம் வேடிக்கையாக இராது. பரிசல் ஓடாத நாள்களின் கணக்காக இருக்கும். அவ்வட்டாரத்தில் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பெற்றோர் வேலை தேடிச் செல்ல, பாட்டியின் பொறுப்பில் வளரும் பிள்ளைகளும் உண்டு. ‘காக்கா முட்டை’யில் தோசை சுடும் பாட்டி அவர்களுக்கு அயலார் அல்லர்.

ஒரு வட்டாரம் பின்புலமாக மட்டும் பார்க்கப்படுவதற்கும், அங்கு வாழும் சிறுவரின் கண்வழியே பார்க்கப்படுவதற்கும் உள்ள வேறுபாடே வளர்பருவத் திரைப்படத்தின் பயன். கானிலும் டொராண்டோவிலும் ராட்டர்டாமிலும் கிடைக்கும் விருதுகள் அத்தகைய படங்கள் மேலும் தோன்றத் துணைசெய்யும். முதலீட்டாளர்க்கு நம்பிக்கை தரும். புதிய இயக்குநர்க்கு வாயில் திறக்கும். ஆகவே விருதுகளைக் குறைத்து மதிப்பிட வேண்டுவதில்லை. ஆனால் விருது படத்தின் பயணத்தில் நடுவழியே, முடிவன்று. கடற்கரையில் திரும்பிப் பார்த்த சிறுவனின் வினாவுக்கு விழா நடுவர்கள் விடை சொல்ல முடியாது. பள்ளிக்கு வராத மாணவன் ஏன் வரவில்லை என்று கேட்கும் ஆசிரியரும், கடைவாயிலில் நிற்கும் பிள்ளையை உள்ளே வரச்சொல்லும் கடைக்காரரும், அருகில் அமர்ந்திருப்பவனின் பொய்க்குப் பின்னால் உள்ள அச்சத்தை அறியும் தோழரும் சொல்லும் விடையே அவனைச் சென்று சேரும்.

கற்பவை கற்றபின்

1. பிள்ளைத்தமிழ் இலக்கியமும் வளர்பருவத் திரைப்படமும் குழந்தையை நோக்கும் முறையில் எவ்வாறு வேறுபடுகின்றன? வகுப்பில் கலந்துரையாடுக.

2. ‘அந்தக் கைதட்டலும் ஒரு சிவப்புக் கம்பளமே ஆகும்’ – இத்தொடரின் பொருளை விளக்கி, இக்கருத்தை ஏற்றோ மறுத்தோ ஒரு பக்க அளவில் எழுதுக.

3. ‘நானூறு அடிகள்’ என்னும் பெயரை மரபுத்தொடர் அறியாமல் மொழிபெயர்த்தால் நேரும் பொருள்மயக்கம் யாது? இதுபோல் பிறமொழியினர் தவறாகப் பொருள்கொள்ளக் கூடிய தமிழ் மரபுத்தொடர்கள் ஐந்தினைத் தொகுக்க.

4. நீங்கள் கண்ட திரைப்படம் ஒன்றில் பின்புலத்தில் மட்டும் வந்துபோகும் ஒரு சிறுவனையோ சிறுமியையோ தெரிவுசெய்க. அக்காட்சியை அப்பிள்ளையின் கண்வழியே, உரையாடலைக் குறைத்துப் பொருள்களின் வாயிலாக உணர்த்தும் வகையில், திரைக்கதைப் பகுதியாக எழுதுக.